ஆந்தை இருந்த மரம்

1

இந்தத் தை மாதத்தோடு நான் கனடாவுக்கு வந்து இருபத்தாறு வருடம். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் என் மனைவி ஜெசிந்தா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, ஆட்டிறைச்சிக் கறி வைப்பாள். இந்த முறையும் மெழுகுதிரி எரிந்தது, கறியும் இருந்தது. ஆனால் அதை யாரும் ருசித்துச் சாப்பிடவில்லை. எல்லாம் ஓர் ஆந்தையால் வந்த வினை. ஊரில் இருந்து வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். முழுவதையும் சொல்லி முடிக்கிறேன், பிறகு சிரியுங்கள்.

மன்னாரில் இருந்தவரை எனக்குத் தெரிந்த பறவைகள் இரண்டே வகை: கறிக்கு ஆகிறவை, ஆகாதவை. மாரி தொடங்கினால் வடக்கே எங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் வாத்துகள் வந்து கடனீரேரியில் இறங்கும். அவை எங்கிருந்து வருகின்றன என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நின்று பார்க்க முடியாது. சண்டைக் காலத்தில் எங்கள் கடற்கரையில் ஒருவன் தொலைநோக்கியோடு நின்றால் அவன் பறவை பார்க்கிறான் என்று சென்றியில் காவல் நிற்கிற எந்த ஆமிக்காரனும் நம்ப மாட்டான். கழுத்தில் கமரா தொங்கினால் அதைவிடப் பிழை.

அந்தப் பயம் விமானத்தில் என்னோடு ஏறி வந்தது. மூன்று வருடத்துக்கு முன் டொக்டர், உடம்பில் சீனி கூடிவிட்டது, காலையில் நடக்க வேண்டும் என்று சொன்னதால் ரொறன்ரோ ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினேன். சும்மா நடக்க அலுப்பாக இருந்ததால் கமராவையும் கொண்டு போனேன். இரண்டாம் நாளே ஒரு பொலிஸ் வண்டி பின்னால் மெதுவாக வந்து நின்றது. பொலிஸ்காரர் கண்ணாடியை இறக்கும் முன் நான் குடியுரிமை அட்டை, சாரதி அனுமதிப் பத்திரம், சுகாதார அட்டை மூன்றையும் எடுத்துச் சீட்டுக்கட்டுப் போல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, இந்தப் பக்கம் ஒரு பனி ஆந்தை வந்திருப்பதாகச் சொல்கிறார்கள், கண்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கண்டால் அதன் படம் ஒன்று பார்க்க ஆசை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நின்றேன். பொலிஸ்காரன் ஆந்தை விசாரிக்கிற நாட்டில் நான் இத்தனை வருடம் இருந்தும் ஓர் ஆந்தையைப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் ஆசை பிடித்தது.

2

கமரா ஏது என்று கேட்பீர்கள். கிழமை நாட்களில் பின்னேரம் கதவு செய்யும் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறு கல்யாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று படம் பிடிப்பேன். நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில் எத்தனை மணப்பெண்களின் நாடியைத் தூக்கி, இஞ்ச பாருங்கோ தங்கச்சி, கொஞ்சம் சிரியுங்கோ என்று சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. மார்கழியில் சைவக்காரர் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலம் என்று எங்கள் வேதக்கார ஆட்களும் வைக்க மாட்டார்கள். ஆகவே குளிர்காலத்தில் என் நீளமான லென்ஸ் அலுமாரியில் தூங்கும். அதைத்தான் எழுப்பினேன்.

பறவைகளுக்கு நாடியைத் தூக்க முடியாது. இஞ்ச பார் என்றால் அங்கே பார்க்கும். முதல் மாதம் நான் எடுத்த படங்களில் பாதி வெறும் கிளை, மீதி வால்.

ஆனால் எதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கனடா வந்த முதல் குளிர்காலத்தில் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஓர் அடுக்குமாடியில், ஐந்து பேர் ஓர் அறையில் இருந்தோம். ஏரி அங்கிருந்து நடக்கிற தூரம். ஒரு நாள் போய், நீருக்கு மேல் ஆவி பறப்பதைப் பார்த்துவிட்டு, இதில் எந்த உயிரும் இருக்காது என்று திரும்பி வந்தேன். பிழை. அதே நீரில், அதே தை மாதத்தில், நீண்ட வால் வாத்துகள் கூட்டம் கூட்டமாக மிதக்கின்றன. கறுப்பும் வெள்ளையுமாக, ஆணுக்கு ஈர்க்குப் போல ஒரு வால். கரையில் நின்றால், தூரத்தில் ஒரு கல்யாண வீட்டில் ஆட்கள் கூடிச் சத்தம் போடுவது போலக் கேட்கும். திடீரென்று எல்லாம் தலைகீழாக முங்கும். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்குவேன், எண்ணிக் களைத்த பிறகு வேறெங்கோ மேலே வரும்.

இவை வடதுருவப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குப் பயந்து தெற்கே இறங்கி வருகிறவை. தெற்கு என்று அவை நினைப்பது ரொறன்ரோவை. இதை அறிந்த அன்று நான் இரண்டு காலுறை, மூன்று மேற்சட்டை, குரங்குத் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சொல்ல முடியாத சந்தோசமாகவும் இருந்தது.

பறவைகளுக்கு விசா இல்லை, எல்லை இல்லை என்று எழுதினால் நீங்கள் கைதட்டுவீர்கள் என்று தெரியும். நான் எழுத மாட்டேன், ஏனென்றால் அது உண்மையில்லை. ஏரிக்கரையில் சில பெரிய அன்னங்களின் சிறகில் மஞ்சள் அட்டை குத்தியிருக்கிறது, அதில் இலக்கம் இருக்கிறது. ஒன்றின் இலக்கத்தைப் படத்தில் பெருப்பித்துப் பார்த்து, இணையத்தில் ஒரு படிவம் நிரப்பி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: பிறந்த இடம், அட்டை போட்ட இடம், கடைசியாகக் கண்ட இடம். மூன்று வரி. அகதி விண்ணப்பத்தில் நான் பத்து வருடத்தில் இருந்த விலாசங்கள் எல்லாவற்றையும் எழுத வேண்டியிருந்தது. கட்டம் போதாமல் மேலதிகமாக இரண்டு தாள் இணைத்தேன். அன்னத்துக்கும் இங்கே கோப்பு உண்டு, ஆனால் அதன் கோப்பு என்னுடையதைவிட மெல்லியது.

இன்னொன்று சிக்கடி. கறுப்புத் தொப்பி போட்ட சின்னக் குருவி. ஸ்காபரோ ஓரத்து ரூஜ் காட்டுப் பாதையில் உள்ளங்கையில் சூரியகாந்தி விதை வைத்து நீட்டிக்கொண்டு நின்றால் வந்து விரலில் இருக்கும். முதல் தடவை வந்தபோது பாரமே தெரியவில்லை. நகம் பிடித்தது மட்டும் தெரிந்தது. இலையுதிர் காலத்தில் இது விதைகளை ஒவ்வொன்றாக வேறு வேறு இடத்தில் ஒளித்து வைத்துவிட்டு, குளிருக்குள் ஞாபகமாகப் போய் எடுத்துத் தின்னுமாம். நான் வான் வண்டிச் சாவி வைத்த இடத்தை ஒவ்வொரு காலையும் ஜெசிந்தாவிடம் கேட்கிறவன். கையில் அது இருந்த அந்தக் கணம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு, ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன்.

3

காட்டுப் பாதையில்தான் வெண்டியைச் சந்தித்தேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வெள்ளைக்காரப் பெண், என் வயது இருக்கும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கியதும் தொலைநோக்கியோடு வந்துவிடுவார். இரண்டு குளிர்காலம் வெறும் தலையசைப்பு. மூன்றாவது குளிர்காலம், போன மார்கழிக் கடைசியில், என்னை நிறுத்தி, ஒன்று காட்டினால் யாருக்கும் சொல்லாமல் இருப்பீர்களா என்று கேட்டார். சத்தியம் செய்தேன்.

பாதையை விட்டு இறங்கி, சீடர் என்கிற, பச்சை மாறாத மரங்கள் அடர்ந்த ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார். ஒரு மரத்தின் கீழ்ப் பனியில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி எச்சம். பக்கத்தில் சின்ன விரல் அளவு சாம்பல் நிற உருண்டை. அதை உடைத்துக் காட்டினார். உள்ளே மயிரும், ஓர் எலியின் முழு மண்டையோடும் இருந்தன. ஆந்தை தின்று கக்கியது. பிறகு மேலே பார்க்கச் சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் தெரிந்தது. என் முகத்துக்குக் கொஞ்சம் மேலே, கைக்குள் அடங்குகிற அளவில் ஓர் ஆந்தை. பெரிய தலை, நெஞ்சில் மண்ணிறக் கோடுகள், கண் மூடி நித்திரை. உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாத நித்திரை.

ஐந்தாறு படம் எடுத்தேன். வெண்டி இரண்டு நிமிடத்தில் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார். பகலில் எழுப்பினால் மற்றப் பறவைகள் சேர்ந்து துரத்திக் கலைக்கும், குளிர்காலத்தில் வீணாகப் பறந்தால் இரவில் வேட்டைக்குத் தென்பு இருக்காது, செத்தும் போகும் என்று விளக்கினார். இங்கே பறவை பார்க்கிறவர்கள் எதையும் பகிர்வார்கள், ஆந்தை நித்திரை கொள்ளும் இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவுக்குக் காட்டினேன்.

"இஞ்சப்பா, உதை வீட்டுக்குள்ள கொண்டராதேங்கோ. ஆந்தை எண்டால் சாவு."

"இது படமப்பா."

"படத்தில இருந்தாலும் ஆந்தை ஆந்தைதான். குளிக்கப் போங்கோ முதல்ல."

எங்கள் மகள் ஷரோனுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள். தமிழ்ப் பள்ளியை எட்டாம் வகுப்போடு விட்டாள், பூசைக்கு வருவதைப் பதினாறு வயதோடு விட்டாள், என்னோடு கதைப்பதை எப்போது விட்டாள் என்று எனக்கே தெரியவில்லை. அறைக் கதவு பூட்டியிருக்கும். அன்றைக்குக் குசினிக்குத் தண்ணீர் எடுக்க வந்தவள், கமராவை என் கையில் இருந்து வாங்கினாள். ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

"அப்பா, இது ரியலா? எங்க இருக்கு?"

அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலம். ஆனாலும் நான் பெரிய சத்தியவான் அல்லவா. "சொல்லேலாது பிள்ளை. சத்தியம் பண்ணிப்போட்டன்" என்றேன். "ஓகே" என்றுவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் படத்தை எங்கள் ஊர்க்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். கல்யாண வீட்டுப் படம் எடுத்துப் பழகியவனுக்கு நல்ல படத்தை ஒளித்து வைக்கத் தெரியாது. இருநூறு பேர் இருக்கிற குழு. இதயமும் கும்பிட்ட கையுமாக வந்து குவிந்தன. பிறகு எல்லோரும் ஒரே கேள்வி: எங்க?

இதை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் ஆட்களிடம் எங்கே என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். அஜின்கோர்ட் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் நல்ல விளைமீன் வந்தால், எந்தக் கடையில் என்று அடுத்த நிமிடம் குழுவில் விழும். சொல்லாதவன் எரிச்சல், பொறாமை பிடித்தவன். ஜெசிந்தாவின் தம்பி றெஜி எழுதினான்: "எங்களுக்குமே ஒளிக்கிறியள் அத்தான்?" அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. யார் இந்தக் குளிருக்குள் போகப் போகிறார்கள், மிஞ்சினால் இரண்டு பேர் என்று நினைத்து, வரைபடத்தில் இடத்தைக் குத்தி அனுப்பிவிட்டேன்.

4

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து ஐந்து வான் வண்டி வந்தது. றெஜி எனக்கு வழியில்தான் போன் பண்ணினான்: "அத்தான், நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டிட்டம். நீங்கள் வந்து காட்டுங்கோ." நான் ஓடிப் போனபோது இருபத்தைந்து பேர் பனிக்குள் நிற்கிறார்கள். பூசைக்கு உடுத்த சேலைக்கு மேல் குளிர் ஜக்கட். சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி, ஒரு தட்டு நிறைய ரோல்ஸ். சின்னப் பிள்ளைகள் மரத்துக்கு மரம் ஓடினார்கள்.

எல்லோரையும் திருப்பி அனுப்பியிருக்கலாம். இன்றுவரை எனக்கு உறுத்துவது அதுதான். ஆனால் அத்தனை பேரும் என் படத்தைப் பார்த்து, என்னை நம்பி வந்திருந்தார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். மெதுவா, மெதுவா, சத்தம் போடாதேங்கோ என்று சொல்லிக்கொண்டே மரத்தடிக்குக் கூட்டிப் போனேன்.

அது அதே கிளையில் இருந்தது. ஒரு நிமிடம் எல்லோரும் உண்மையிலேயே அமைதியானார்கள். இத்தனை பேச்சுக்காரர் ஒன்றாக வாயடைத்து நின்றதை நான் கண்டதில்லை. ஓர் அன்ரி நெற்றியில் சிலுவை போட்டார். பயத்திலா பக்தியிலா தெரியாது. பிறகு போன்கள் எழும்பின.

"அத்தான், முகம் வடிவாத் தெரியேல்ல. உந்தக் கொப்பு மறைக்குது. ஒருக்கா விலத்துங்கோவன்."

மணப்பெண்ணின் முகத்தை மறைக்கிற பூச்சரத்தை விலக்குவது என் தொழில். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது, கை தானாகப் போகும். போனது. கொப்பைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். அதில் இருந்த பனி மொத்தமாகச் சரிந்து ஆந்தையின் தலையில் விழுந்தது.

கண் திறந்தது. மஞ்சள். அந்த இரண்டு கண்ணும் நேராக என்னைப் பார்த்தன. பிறகு அது பறந்தது. இருபத்தைந்து பேரின் தலைக்கு மேலால் ஓர் உயிர் சிறகடித்துப் போகிறது, ஒருவர் காதிலும் ஒரு சத்தம் விழவில்லை. குற்றம் செய்த அந்த நிமிடத்திலும் நான் அதிசயித்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். வாழ்க்கையில் நான் கண்ட மிக அழகான காட்சி நான் செய்த பிழையால்தான் எனக்குக் கிடைத்தது.

அடுத்த கணம் புளூ ஜே என்கிற நீலப் பறவைகள் நாலைந்து எங்கிருந்தோ கத்திக்கொண்டு வந்தன. ஆந்தையைப் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே கலைத்துக்கொண்டு போயின. கத்தல் கன நேரம் கேட்டது.

"சரி, வேற மரத்தில போய் இருக்கும்" என்று றெஜி சொன்னான். யாரோ எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். குடிக்கவில்லை.

5

வெண்டிக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். கொப்பைத் தொட்டது யார் என்று கேட்டார். நான் என்றேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் ஆட்கள் ஏசினால் அடுத்த கிழமை ஆறிவிடும். இந்த நன்றி ஆறவே இல்லை.

குழுவில் வந்த வீடியோ ஷரோனுக்கும் போய்ச் சேர்ந்தது. அவளுடைய மச்சாள் அனுப்பியிருக்கிறாள். என் இருபத்தாறாவது வருடத்து விருந்து அதற்கு மூன்றாம் நாள். கறியைத் தொடாமல் இருந்தவள் கேட்டாள்.

"நான் கேக்க நீங்கள் சொல்லேல்ல. குரூப்பில இருநூறு பேருக்குச் சொன்னீங்கள். யூ டிடின்ட் டிரஸ்ட் மீ, அப்பா."

ஜெசிந்தா வழக்கமாக எனக்காகப் பரிந்து பேசுவாள். அன்றைக்கு அவளும் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தாள். ஷரோன் சொன்னது சரி.

ஒவ்வொரு காலையும் அந்த மரத்தடிக்குப் போனேன். கமரா கொண்டு போகவில்லை. புது எச்சம் இல்லை, உருண்டை இல்லை. பழையவற்றின் மேல் பனி விழுந்து மூடியது. அந்தக் கிழமைகளில் குளிர் மைனஸ் இருபதுக்குப் போனது. விடியற்காலையில் கட்டிலில் கிடந்து, அது செத்திருக்குமா என்று யோசிப்பேன். மனிதச் சாவு எத்தனையோ பார்த்து வந்தவன், ஒரு கைப்பிடிப் பறவைக்காக ஏன் இப்படி அந்தரப்படுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஊரில் நடந்த எதையும் நான் செய்யவில்லை. இதை நான் செய்தேன். வேறு பதில் கிடைக்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஷரோன் விடிய எழும்பி வெளியே போகத் தொடங்கியதை முதலில் ஜெசிந்தாதான் கவனித்தாள். மத்தியானம் திரும்பி வரும்போது சப்பாத்தில் பனி, தலைமயிரில் சீடர் இலை. வாசலில் தொங்குகிற என் பழைய தொலைநோக்கி கொளுக்கியில் இல்லை. எதைத் தேடிப் போகிறாள் என்று தெரிந்தது. நானும் வரட்டா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

மாசி கடைசியில் ஒரு சனிக்கிழமை. நான் மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஷரோன் ஜக்கட்டையும் கழற்றாமல் வந்து முன்னால் நின்றாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தது.

"அப்பா, கண்டனான்."

"எதை?"

"உயிரோட இருக்கு. அதே ஆந்தையா எண்டு தெரியாது. பட் ஐ திங்க் சோ."

போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். தூரத்தில் நின்று எடுத்தது. முக்கால்வாசி கொப்பும் இலையும். நடுவில் மண்ணிறமாக ஒரு துண்டு நெஞ்சு, மூடிய ஒரு கண். கல்யாண வீட்டில் இப்படி ஒரு படம் எடுத்தால் எனக்கு அடுத்த ஓடர் கிடைக்காது. கண்ணில் நீர் வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லித் தப்பலாம், ஆனால் வெங்காயம் இல்லை.

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். ஆந்தை என்று முகம் சுளிக்கவில்லை. "எங்கயடி கண்டனி?" என்றாள்.

ஷரோன் தாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "சொல்ல மாட்டன் அம்மா. அப்பாவுக்கும் சொல்ல மாட்டன்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன். பிறகு, இருபத்தாறு வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்குத் தெரியாத ஓர் இடத்தை இவள் தன் காலால் நடந்து கண்டுபிடித்து, அதைக் காப்பாற்றவும் தெரிந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துப் பிரமித்துப் போனேன். அந்த ஆந்தையை முதல் நாள் பார்த்த மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லாதை" என்றேன்.

6

வெண்டிக்கு ஒரு வரி அனுப்பினேன்: என் மகள் கண்டிருக்கிறாள், உயிரோடு இருக்கிறது, இடம் எனக்குத் தெரியாது. பதிலுக்கு ஒரு சொல் வந்தது. நல்லது.

அடுத்த சனிக்கிழமை காலை. வெளியே இன்னும் சரியாக வெளிக்கவில்லை. ஷரோன் வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிறு கட்டினாள். ஜெசிந்தா மாடியில் நித்திரை.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் எங்கே போகிறாய் என்று கேட்காமல் எந்தத் தகப்பனும் பிள்ளையை வாசல் படலை தாண்ட விட்டதில்லை. இடம் தெரிந்தால்தான் தேடிப் போகலாம். சண்டையில் எங்கே என்று தெரியாமல் காணாமல் போனவர்களைத் தேடித் தாய்மார் இன்னும் படத்தோடு தெருவில் இருக்கிறார்கள். என் தமையனும் அப்படிப் போனவன்தான். அன்று அவனிடம் எங்கே என்று கேட்க மறந்ததை ஐயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் ஷரோன் பக்கத்துக் கடைக்குப் போனாலும் நான் கேட்பேன். அவள் என்னோடு கதைப்பதை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது படுகிறது.

அவள் எழும்பிக் கதவில் கை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட்பேன் என்று காத்து நின்றாள். கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது.

"குளிர் கூட. கையுறையைப் போடு பிள்ளை" என்றேன்.

"போயிட்டு வாறன் அப்பா" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சன்னலுக்குப் போய், அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. போகாமல், அவள் திரும்பி வரும் வரைக்கும் கதிரையிலேயே இருந்தேன்.